எட்டுச் செலவில் பிரிந்த பைக்கற்றுகள்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

முப்பது வருடமும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது தொடங்கினால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன். நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எல்லாம் உங்களைப் பண்பாளர், பாசத்தின் சிகரம் என்று எழுதியிருக்கிறார்கள். வாசித்தால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்கு அப்படி எழுத வராது. செய்த பிழையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேஸ்போல் பைக்கற்றுகள். ஏழில் ஆறு போய்விட்டது.

கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கோ.

பேஸ்போலை நீங்கள் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊர் எல்லே மாதிரி, தடியால் பந்தடித்து ஓடுகிற ஒரு விளையாட்டு என்று எனக்குச் சொன்னீர்கள். அதுவும் சரியோ தெரியாது. சுவிசுக்கு வந்து பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து மேசைக்காரர் அமெரிக்காவில் இருக்கிற தன் மாமா அனுப்பியது என்று ஒரு பைக்கற் தந்தார். உள்ளே விளையாட்டுக்காரரின் பட அட்டைகளும் ஒரு துண்டு சூயிங்கமும் இருக்குமாம். இந்த நாட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டு கையில் தந்த முதல் பொருள் என்று பிரிக்காமலே வைத்தீர்கள். பிறகு பழைய சாமான் சந்தைகளில் அலைந்து இன்னும் ஆறு தேடி அதற்குத் துணை சேர்த்தீர்கள்.

அதுகளுக்கு நடந்த உபசாரம் என்ன! மணம் பிடிக்கும் என்று என் சேலைகளுக்குப் பூச்சி உருண்டை வைக்க விடவில்லை. "மீன் பொரிக்கிறதெண்டா அறைக்கதவைச் சாத்தும்" என்பீர்கள். நான் புகையில் நின்று இருமினேனே, அதை ஒருநாளாவது கேட்டீர்களா?

"ஒண்டையாவது திறந்து பாருங்கோவன்" என்று கெஞ்சியிருக்கிறேன். "திறந்தா பத்துப் பேர்தான் இருப்பாங்கள். திறக்காட்டி எல்லாரும் இருக்கிறாங்கள்" என்பீர்கள். ஆஸ்பத்திரியிலும் என் கையைப் பிடித்து, "அதுகளைத் திறந்துபோடாதையும்" என்றீர்கள். ஓம் என்றேன். எனக்கென்று ஏதாவது சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நித்திரையாகிவிட்டீர்கள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்கள் படத்துக்கு முன்னால் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். கணவாய்க் கறி, சோடா, பிஸ்கற், ஒரு போத்தல் சாராயம். "அப்பான்ர உயிர் அந்தப் பைக்கற்றுதானே அம்மா" என்று மகள் சொல்ல, நான்தான் ஏழையும் கொண்டுவந்து அடுக்கினேன். லோசானில் இருந்து உங்கள் அக்கா, என் மச்சாள், வந்திருக்கிறார் என்பதை யோசிக்கவில்லை. படையலில் ஒன்றையும் மூடி வைக்கக்கூடாது என்பது மச்சாளின் சட்டம். போத்தல்களின் மூடியைக் கழற்றினார், பிஸ்கற்றைப் பிரித்தார். நான் குசினிக்குப் போய் வாழையிலை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், ஆறு பைக்கற்றும் வாய் பிளந்து கிடக்கிறது. ஏழாவதில் நகத்தை வைத்துவிட்டார். அது தொழிற்சாலையில் தந்தது.

"மச்சாள், விடுங்கோ!"

பறித்தேவிட்டேன். முப்பது வருடத்தில் அவருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"என்ன பிள்ளை, விசரே உனக்கு? வெளியிலேயே சூயிங்கம் படம் போட்டிருக்கு. சாப்பாட்டுச் சாமானை மூடி வைச்சா தம்பி என்னெண்டு சாப்பிடுவான்? கத்தரிக்கோலும் கொண்டே போனவன்?"

அதோடு விடவில்லை. படையல் முடிய அந்தச் சூயிங்கத்தை எல்லோருக்கும் பங்கும் வைத்தார். வாயில் போட்டதும் சுண்ணாம்பு மாதிரிப் பொடிந்தது. மகளின் மாமனார் மட்டும் மரியாதைக்கு முழுவதையும் விழுங்கினார். இரண்டு நாளாக அவரை ரெலிபோனில் சுகம் விசாரித்தோம்.

உள்ளே இருந்தவர்களையும் பார்த்தோம். எல்லாரும் இருக்கிறாங்கள் என்றீர்களே, ஒரே மீசைக்காரர் நாலு தரம் இருந்தார். உங்களுக்கு இது முதலே தெரியுமோ?

இப்போது மச்சாள் தினமும் ரெலிபோன் எடுக்கிறார். "முப்பத்தொண்டுக்கு அதையும் திறந்து வை பிள்ளை. தம்பி ஒண்டையும் அனுபவிக்காமப் போனவன். ஆசை தீராட்டி அவன்ர ஆத்மா போகாது. உன்ர வீட்டுக்குள்ளதான் சுத்திக்கொண்டு நிக்கும், சொல்லிப்போட்டன்."

என்னைப் பயமுறுத்தத்தான் சொன்னார். இந்த ஒரு மாதத்தில் இதைவிட நல்ல செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மச்சாளும் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். ஆறைக் காப்பாற்றத் தெரியாதவள்தான் நான். ஏழாவதைத் திறக்க மாட்டேன். ஒருவரையும் திறக்க விடவும் மாட்டேன். இது சத்தியம். நீங்கள் ஆசை தீராமலே நில்லுங்கோ.

இன்னும் உங்கள் மனிசியாகவே இருக்கும்,
தவமணி