பின்னறைச் சுவரும் எண்ணூறு ஆட்டுக்குட்டியும்

2005 நவம்பர் 8, செவ்வாய்

இன்றைக்கு இருநூற்றுப் பத்து ஆட்டுக்குட்டி முடித்தேன். சுப்புராயன் முதலாளி எண்ணூறு அனுப்பியிருக்கிறார். அது போக மாடு, ஒட்டகம், மூன்று ராஜாக்கள். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பீங்கான் பொம்மை செட். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பச்சைப் பொம்மையாகத்தான் வீட்டுக்கு வரும். ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துத் திருப்பி அனுப்பினால் அவருடைய யூனிட்டில் சூளையில் சுடுவார்கள். சுட்ட பிறகு கலர் அடிக்க மறுபடி என்னிடமே வரும். பின்னறை முழுக்க ஆட்டுக்குட்டி. கட்டிலை விட்டு இறங்க வழியில்லை என்று இளமதி முனகுகிறாள். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்குத் தனி அறை கொடுக்க நாங்கள் எங்கே போவது? அவளுக்கும் பொம்மைக்கும் அதே பின்னறைதான்.

மத்தியானம் சக்கரபாணி வந்தான். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வீட்டு இன்சூரன்ஸுக்கு இந்த வருஷப் பணம் வாங்கிக்கொண்டு போனான். "பில்டிங்கு, சாமானு, தீ, வெள்ளம், பூகம்பம் எல்லாம் கவர் ஆவுது அண்ணி. நிம்மதியா தூங்குங்க" என்றான். மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறான். இந்த டைரியும் அவன் கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உங்கள் கவலை இனி எங்களுடையது' என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 23, புதன்

மூன்று நாளாக மழை விடவில்லை. பச்சைப் பொம்மை காயாமல் சொதசொதவென்று இருக்கிறது.

நவம்பர் 26, சனி

முந்தாநாள் காலையில் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கால் அடைத்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் ஏறியது. அவர் ஷிப்டு முடிந்து வருவதற்குள் நானும் இளமதியும் அவளுடைய புத்தகங்களையும் அரிசி டின்னையும் மட்டும் பரண்மேல் ஏற்றினோம். ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், பின்னறைச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆமாம், உட்கார்ந்தது. சரிந்துகூட விழவில்லை. மேலேயிருந்த ஓடெல்லாம் கட்டில்மேல். இளமதி ஐந்து நிமிஷம் முன்னால் அந்தக் கட்டிலில் நின்றுதான் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள்.

பொம்மை? சுட்டதாக இருந்தால் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பச்சைப் பொம்மை ஆயிற்றே. எண்ணூறு ஆட்டுக்குட்டியும் கூழாகிவிட்டது. வெள்ளைக் கூழுக்குள் ஒரே ஒரு ராஜாவின் தலை மட்டும் தெரிந்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஒரு தைரியம். அவரும் அதைத்தான் சொன்னார். "அழுவாத பானு. கட்டுன பணம் எதுக்கு இருக்குது?"

டிசம்பர் 6, செவ்வாய்

சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் இன்று வந்தார். கடலூர்க்காரர், தர்மராஜ் என்று பெயர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். டேப் பிடித்துச் சுவரை அளந்தார், போட்டோ எடுத்தார், கட்டிலையும் பீரோவையும் குறித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டு செருப்பைக்கூட மாட்டிவிட்டார்.

நான்தான் கூப்பிட்டேன். "சார், இத்தையும் எழுதிக்குங்க" என்று காய்ந்து கிடந்த கூழைக் காட்டினேன். உருப்படி எழுதி வைக்கிற நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாம் கவர் ஆகுது என்றால் இதுவும் ஆகவேண்டும் அல்லவா?

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். "இது என்னம்மா, ஏவாரமா?"

"பன்னெண்டு வருஷமா செய்யறேன் சார். இந்தத் தெருவுல என் கைவேலதான் ஒண்ணாம் நம்பருன்னு முதலாளியே சொல்லுவாரு."

நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் கவனிக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் 14, புதன்

சுப்புராயன் முதலாளியிடம் போனேன். அவருடைய யூனிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, பொம்மைக்காவது அதில் வரும் என்று நம்பிப் போனேன். "அது யூனிட்டு காம்பவுண்டுக்குள்ள இருக்குற சரக்குக்குத்தாம்மா. ஒங்க வூட்ல இருந்ததுக்கு நான் எங்க போவேன்?" என்றார். நஷ்டத்தை என் கூலியில் பிடிப்பாராம். உங்களிடம் வேலை பார்க்கிற ஆள்தானே நான் என்று கேட்டேன். சிரித்தார். "நீங்க எங்க நம்ம கம்பெனி ஆளு? வூட்ல இருக்குற நேரத்துல சும்மா செஞ்சு தர்றீங்க."

சும்மாவா! என் விரல் இடுக்கில் தோல் வெடித்து வெடித்து உப்புத் தொட்டால் எரிகிறது. அதுவும் சும்மாதானா?

2006 ஜனவரி 19, வியாழன்

(இந்த வருஷம் சக்கரபாணி டைரி கொண்டுவரவில்லை. இளமதியின் பழைய நோட்டில் எழுதுகிறேன்.)

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். முழுக்க இங்கிலீஷ். இளமதி இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "வீடு குடியிருக்க மட்டும்னு சொல்லி பாலிசி எடுத்துட்டு, உள்ள தொழில் நடத்தியிருக்கீங்க. அத்த மறைச்சிட்டீங்க. அதனால ஒண்ணும் தர முடியாதாம்மா."

பொம்மைக்கா என்று கேட்டேன்.

"எதுக்குமே. சுவத்துக்கும்."

கேளுங்கடா அநியாயத்தை! முதலாளி கொடுக்கவேண்டிய இடத்தில் நான் செய்வது தொழில் இல்லை. கம்பெனி கொடுக்கவேண்டிய இடத்தில் நான் செய்வது தொழில். ஒரே கத்தி, ஒரே பஞ்சு, ஒரே பானுமதி! இவனுங்களுக்கு வேணும்னா தொழிலு, வேணாம்னா சும்மாவா? நான் என்ன புகைபோக்கி வைத்துச் சூளை கட்டியிருக்கிறேனா? சுவரைத் தள்ளியது ஆட்டுக்குட்டியா, தண்ணீரா?

இன்று ராத்திரிக்குச் சோறு ஆக்கவில்லை. அவர் இட்லி வாங்கி வந்தார்.

ஜனவரி 22, ஞாயிறு

இளமதியை உட்காரவைத்து பாலிசியைப் படிக்கச் சொன்னேன். மூன்று வருஷமாக பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேனே தவிர, ஒரு நாள் பிரித்துப் பார்த்ததில்லை. யார் பார்த்தார்கள்?

வெள்ளம் உண்டு. ஆனால் வீட்டில் யாரும் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் கிடையாது. திருட்டு உண்டு. ஆனால் வீட்டில் இருப்பவர்களே எடுத்தால் கிடையாது. சுவர் உண்டு. ஆனால் பழசாகித் தானாக விழுந்தால் கிடையாது. வியாபாரச் சரக்கு எங்கே வைத்திருந்தாலும் கிடையாது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு கையால் கொடுத்துவிட்டு, நாலாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார்கள். "எல்லாம் கவர் ஆவுது அண்ணி" என்றானே, இந்த நாலாம் பக்கத்தை அவன் படித்திருப்பானா?

ஜனவரி 25, புதன்

பஸ் ஸ்டாண்டில் சக்கரபாணியைப் பிடித்தேன். பத்து பேர் பார்க்கத் திட்டினேன். "தொழில் இல்லன்னு நீயா எழுதிக்கிட்டு எங்க தலையில கல்லப் போட்டுட்டியேடா" என்று கத்தினேன். பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றம் செய்தவன் குனியத்தானே வேண்டும்!

தெருவிலும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அமிர்தம் அவனிடம் பாலிசி போட இருந்தாள். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 9, வியாழன்

பின்னறைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் படபடவென்று இரைச்சல். அடுத்த மாதம் பரீட்சை. பிள்ளை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிக்கிறது.

பிப்ரவரி 17, வெள்ளி

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் அதைவிட வெட்கம்.

சக்கரபாணி வந்தான். ஆபீஸில் கேட்டு வாங்கிய நகல் ஒன்றை நீட்டினான். 2003-இல் பாலிசி எடுத்தபோது கொடுத்த விண்ணப்பம். ஒன்பதாவது கேள்வி: வீட்டில் ஏதேனும் தொழில் நடைபெறுகிறதா? எதிரே 'இல்லை'. அவன் எழுத்து இல்லை. அந்த 'லை'யைச் சுழித்துக் கீழே வால் விடுகிறவள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு மடியில் பொம்மை வைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். அவன் கேள்வியைப் படித்தான். நான் சிரித்தேன். "தொழிலா? நான் எங்க தம்பி வேலைக்குப் போறேன், வூட்ல சும்மாதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானே எழுதிக் கொடுத்தேன். மடியில் பொம்மை! எதிரே உட்கார்ந்திருந்த அவனுக்கும் அது தொழிலாகப் படவில்லை. இந்த ஊரில் யாருக்குப் படும்? தெருவில் பத்து வீட்டில் எட்டு வீட்டுப் பெண்கள் செய்கிறோம். எட்டு பேரையும் கேளுங்கள், சும்மா இருக்கிறேன் என்றுதான் சொல்லுவோம்.

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மை என்றே நம்பினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவனிடம் மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இரண்டு ஸ்பூன் அதிகமாகப் போட்டுவிட்டேன். குடித்துவிட்டு, "மெட்ராஸ்ல இன்சூரன்ஸ் கொறைய வெசாரிக்கன்னே ஒரு அதிகாரி இருக்காரு அண்ணி. வக்கீலு வேணாம், பீஸு கெடையாது. மனு போடலாம்" என்றான். அமிர்தத்திடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 27, திங்கள்

பரீட்சை முடிந்தது. மனுவை இளமதிதான் எழுதினாள். நான் நாலு இடத்தில் திட்டச் சொன்னேன். நாலையும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

ஜூலை 30, ஞாயிறு

நாளை மறுநாள் விசாரணை. சக்கரபாணி வந்து பாடம் நடத்தினான். "தொழில்னு ஒத்துக்கிட்டா கத முடிஞ்சுது. பொழுதுபோக்குக்கு செய்யறேன்னு சொல்லிடுங்க. டி.வி. பாக்குற மாதிரி. அப்ப மறைச்சதா ஆவாது, சுவரு நமக்கு."

"பன்னெண்டு வருஷம் பொழுதுபோக்கா?"

"அண்ணி, ஒங்களுக்கு பேரு வேணுமா, சுவரு வேணுமா?"

இளமதி பாலிடெக்னிக் பாடத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஐப்பசி வந்தால் மறுபடி மழை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நானும் இவரும் சென்னை போய் வந்தாயிற்று. திரும்புகிற வழியில் வேப்பூரில் பஸ் மாறும்போதுதான் சாப்பிட்டோம்.

விசாரித்த அதிகாரி வயதானவர், மரியாதையாகப் பேசினார். கம்பெனி ஆள் என் நோட்டின் போட்டோவை மேஜைமேல் பரப்பினான். அதில் என் கையெழுத்தில் பன்னிரண்டு வருஷ உருப்படிகள். அதிகாரி என்னைக் கேட்டார். "கூலியாள் வைத்திருக்கிறீர்களா? சூளை உண்டா? மோட்டார்?" எதுவும் இல்லை என்றேன். "அப்படியானால் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்வது என்று வைத்துக்கொள்ளலாமா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"ஆமாங்க."

ஒரே வார்த்தை. அதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனேன்? கம்பெனி தரமாட்டேன் என்றதுகூட இப்படி எரியவில்லை. வெளியே வந்து இவரிடம் பாய்ந்தேன். நீங்களாவது ஒரு வார்த்தை, இல்ல சார், இவ வேலதான் சார் எங்க வூட்ட தாங்குதுன்னு சொல்லக்கூடாதா? "சொல்லியிருந்தா சுவரு போயிருக்கும் பானு" என்றார். அதுவும் சரிதான். சரியாக இருப்பதால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

செப்டம்பர் 21, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. சுவருக்கும் கூரைக்கும் தரவேண்டுமாம், பழைய வீடு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு. கட்டிலுக்கு உண்டு. பொம்மைக்குக் கிடையாது. அவர் இனிப்பு வாங்கி வந்தார். ஒன்று தின்றேன்.

அக்டோபர் 14, சனி

சுவர் எழும்பிவிட்டது. இந்த முறை சிமெண்டு. பூச்சு காய்கிற வாசம் வீடெல்லாம். இளமதி சுவரோரமாக மேஜையைப் போட்டுக்கொண்டாள்.

சுப்புராயன் முதலாளி ஆள் அனுப்பினார், இந்த வருஷமும் ஆட்டுக்குட்டி. சரக்கு என் வீட்டுக்கு வருகிறபோது அதற்கு யார் பொறுப்பு என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அப்புறம் இறக்குங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அமிர்தமும் அப்படியே அனுப்பினாளாம். மூன்றாம் நாள், பொறுப்பு தன்னுடையது என்று சீட்டு வந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். எழுதினாரே, போதும்.

நவம்பர் 7, செவ்வாய்

சக்கரபாணி வந்தான். கம்பெனி இந்த முறை புதிதாக விண்ணப்பம் கேட்கிறதாம். பெயர், விலாசம், சுவர் மண்ணா சிமெண்டா, எல்லாம் அவனே நிரப்பிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது கேள்வியில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் மடியில் ஒட்டகம்.

"இல்லன்னே போட்டுட்டா அண்ணி? உண்டுன்னு போட்டா இந்த பாலிசி தரமாட்டாங்க. கடைக்காரங்க போடறாப்புல வேற பாலிசிக்குப் போவணும். பணமும் கூட ஆவும்."

"கூட ஆனா ஆவட்டும். குடு அத்த."

மண் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினேன். கேள்விக்கு எதிரே இருக்கிற கட்டம் ரொம்பச் சின்னது. 'ஆம். பொம்மை வேலை. சீவுதல், துடைத்தல், கலர் அடித்தல். பதின்மூன்று வருஷமாக' என்று எழுதியதில் கடைசி வார்த்தை கட்டத்தைத் தாண்டிப் பத்தாவது கேள்விக்குள் போய்விட்டது. அடித்துத் திருத்தித் தரட்டுமா என்று சக்கரபாணி கேட்டான். வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் கொடு என்றேன்.