வள்ளி கேட்ட ரோஸ் நிறம்

4-1-1996, வியாழன்

என் மனைவி வள்ளி இனி எழமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தங்கள் வருமுன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைத்து மகன் நிற அட்டை வாங்கி வந்தான். அவளிடம் பொங்கலுக்கு என்றோம். கட்டிலருகே உட்கார்ந்து நிறங்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த வயதில் எழுத்துக் கற்று, அவளுக்கு நானே படித்துக் காட்டினேன்! அவளும் சிரித்தாள்.

“ஏனுங்க, அந்த ரோஸையே அடிக்கச் சொல்லுங்க.”

“துக்கத்துக்கு வாரவங்க சிரிப்பாங்கம்மா” என்று மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

“சிரிச்சுட்டுப் போறாங்க கண்ணு. நான் பாக்கறதுக்கு அடி” என்றாள்.

அவன் அழுதுகொண்டே வெளியே போனான். வாசல் சுவரில் தொடங்குவதாக ஏற்பாடு. காலையில் பெயிண்டர் வந்ததும், அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரை முதலில் அடிக்கச் சொல்ல வேண்டும். பனிக்காலம், சீக்கிரம் காயாது என்கிறார்கள்.