முடிவுத் திகதி இல்லாத உறுதி

திருகோணமலை,
12.02.1966

1. இதை எழுதுபவர் உட்துறைமுக வீதியில் வசிக்கும் உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசு கதிரவேல் சிவகுரு, உன் அப்பா.
2. சுயபுத்தியோடு எழுதுகிறேன்; மனம் தெளிவாக இருக்கிறதென்று சொல்ல ஏலாது.

அன்புள்ள மகள் இரத்தினேஸ்வரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம், எடின்பரோக் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நீ சுகமாயிருக்கக் கோணேசர் அருள்வார். இங்கே மழை விட்டுவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. நீ ஞானஸ்நானம் பெற விரும்புவதாகவும், அங்குள்ள சபையார் உன்னைச் சிறுவயதிலிருந்து அறிந்த மக்கெல்லர் போதகரின் சாட்சிக் கடிதம் கேட்பதாகவும், அவர் அதைத் தர மறுத்ததாகவும் எழுதியிருந்தாய். முதலாவதை வாசித்துக் கோபம் வந்தது, கடைசியை வாசித்துக் குழம்பிப்போனேன். அலுமாரியிலிருந்த ஒரு பழைய கடதாசியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அதன் கதை உனக்குத் தெரியாது. மக்கெல்லர், கப்பற்காரருக்குப் பிரசங்கம் செய்ய ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மனுஷன், சுதந்திரம் கிடைத்த வருஷம் துறைமுகத்தருகே கயிறு அடுக்கியிருந்த கொட்டிலில் பதினொரு பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகளை மதம் மாற்றுவார் என்று ஊர் பயந்தது. ஒவ்வொரு தகப்பனுக்கும் தான் கையெழுத்திட்டுக் கொடுக்க ஓர் உறுதி எழுதித் தரும்படி அவர் என்னையே கேட்டார். தகப்பனின் எழுத்துமூலச் சம்மதமின்றி இப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எவ்வகையிலும் துணைபோகேன் என்று எழுதினேன். அடுத்த நாளே உன்னைச் சேர்த்தேன்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்று ஐந்து வருஷமாகிறது. இன்றும் அவர் காலை மணியடிக்கும் நேரம் பள்ளிக்கூடப் படலைவரை நடந்துபோய், பிள்ளைகள் வரிசையில் நின்றதும் திரும்பி வருகிறார். நான் அவருடைய அறையில், இருக்கிற ஒரே கதிரையில் காத்திருந்தேன். வாக்கை மீறிப் பிள்ளையின் மனதை மாற்றினீர்கள் என்று சொல்ல ஆயத்தமாகப் போனனான். அவரோ தன் பிரதியை எடுத்து வைத்து, சிவகுரு, நீங்கள் எழுதினதில் முடிவுத் திகதி இல்லை, பிள்ளைக்கு இருபத்துமூன்று வயதென்றாலும் எனக்கு ஏலாது என்றார். உண்மைதான். சட்டப்படி பராயமடையும்வரை என்று ஒரு சொல் எழுதாமல் விட்டது என் பிழை. உங்களுக்குச் சந்தோஷமில்லையோ என்று கேட்டேன். பதினெட்டு வருஷத்தில் ஒரேயொரு பிள்ளை கேட்டது, அதற்கும் இல்லையென்று எழுத வேண்டியதாயிற்று என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். எனக்கு வழக்காட ஆளில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்தால் அம்மா, கோட்டில வழக்கு வெண்டாச்சோ என்று கேட்டா.

சட்டப்படி உனக்கு எவர் சம்மதமும் தேவையில்லை, அவருக்குத்தான் தேவை. நான் மறுத்தால் நீ வேறெவரிடமாவது கடிதம் வாங்குவாய். உனக்கு எழுத்தறிவித்தவர் மட்டும் வாய் திறக்காமல் இருப்பார். எனக்குச் சம்மதமோ என்று கேட்டால், பிள்ளை, தெரியாது. அதைத் தெரியாமலேதான் இக்கடிதத்தின் மூலம் மக்கெல்லர் போதகரை அவ்வுறுதியிலிருந்து விடுவிக்கிறேன், பிரதி அவருக்கும் போகும். இக்கடிதத்துக்குச் சாட்சியாக ஒப்பமிட அவரையே கேட்டேன், தான் ஒரு தரப்பு, கூடாது என்று எனக்கே சட்டம் சொன்னார். உன்னோடு படித்த லைலாவின் வாப்பா, கிண்ணியா ஜெமீல் வந்தார். அவரிடமும் அதே உறுதி உண்டு. என்ட கடதாசிய நான் விடமாட்டன் நொத்தாரிசையா, திகதி போடாததுதான் அதில நல்ல விசயம் என்று சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். அம்மா இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. இன்று காலை காளி கோயிலால் வந்து, வாசிக்காமலே ஒப்பம் போட்டா.

எந்தச் சபையில் நின்றாலும் நீ நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா வழமைபோல விபூதி மடித்துத் தந்தா. வைப்பதோ விடுவதோ என்று யோசித்து, இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பூசாவிட்டாலும் எறியாதே. இதற்கும் நான் முடிவுத் திகதி எழுதவில்லை.

உன் அப்பா,
க. சிவகுரு

சாட்சிகள்:
1. ஆதம்பாவா ஜெமீல், கிண்ணியா
2. சீதேவி சிவகுரு, உன் அம்மா