கொட்டைப்பாக்கு வைத்த தட்டு

தலைச்சோலை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு சிவரஞ்சனிக்கு,

நம் மலைச்சாமி சேர்வராயன் உன்னையும் மாப்பிள்ளை பிரபாகரையும் அந்தக் குவைத் மண்ணில் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் எழுந்திருக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன், சுகம் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், என்னிடம் ஏது போன், உன் தம்பியின் போனில்தான் இத்தனை காலமும் உன்னோடு பேசினேன், அதை இனி நான் தொடுவதாக இல்லை. ஐந்தாவது வரை படித்த கை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் போய்விட்டாலும் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. இங்கிலீஷ் புது வருஷத்தன்று, மேட்டில் வந்திருக்கிற யுனிவர்சிட்டியின் பெரிய பந்தலில், மேடைமேல் வைஸ் சான்சலர் ஐயா, அவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அவர் பேசினதைத் தமிழில் எடுத்துச் சொன்ன ஆபீஸ் பெரியவர் ஞானசுந்தரம், நாகலூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதின ரைட்டர் மகன், முன்னொரு நாள் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வர எனக்கு இடம் கொடுக்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அதையும் நான் மறக்கவில்லை. கீழே நம் ஊர்க்கவுண்டர் மாதப்பன், பக்கத்து வீட்டுப் பாவாயி, வெள்ளையம்மாள், காப்பிப்பழம் பறிக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்த நம் ஊர் சனம் பாதி. ஆட்டம் ஆடின பிள்ளைகளோடு, அங்கேயே படிக்கிற நம் வெண்ணிலா. அந்த யுனிவர்சிட்டி ஆபீசிலேயே வேலை பார்க்கிற அவள் அப்பன், உன் தம்பி. அப்புறம் நான்.

நம் ஊற்று உனக்குத் தெரியும், சித்திரை வைகாசியில் மலையெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் ஊருக்கே குடிக்க அது ஒன்றுதான். அந்த ஊற்றைக் கேட்டு யுனிவர்சிட்டிக்காரர்கள் இரண்டு வருஷமாக நடந்தார்கள். மேலிடத்தில் அவர்களுக்கு எல்லா உத்தரவும் ஆகிவிட்டதாம், நம் சனம் குழாய் வருகிற பாதையில் போய் உட்கார்ந்துகொள்வது ஒன்றுதான் அவர்களுக்குத் தடையாக இருந்தது. மழையிலும் உட்கார்ந்தோம் கண்ணு, நானும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மாப்பிள்ளை பக்கத்து ஊர்க்காரர், அவருக்கு எடுத்துச் சொல். தட்டில் வெற்றிலையோடு சீவல் வைத்துக் கொடுத்தால் அது வெறும் மரியாதை, வாங்கி மென்றுவிட்டுப் போகலாம். கொட்டைப்பாக்கை உடைக்காமல் முழுசாக வைத்துக் கொடுத்து, அதை நாலு பேர் பார்க்க வாங்கிவிட்டால் கேட்டதற்குச் சம்மதம் கொடுத்ததாக அர்த்தம், பிறகு பேச்சே கிடையாது. ஊர்ப் பொதுக் காரியம் என்றால் முதலில் வாங்குகிற கை நம் வீட்டுக் கை, நம் வீடு வாங்கினால் ஊரே வாங்கினது. உன் அப்பா போனதிலிருந்து அந்தக் கை என்னுடையது.

எனக்கு அங்கே போக இஷ்டமே இல்லை. வெண்ணிலாதான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஆயா நான் ஆடறதப் பாக்க நீ வந்தே ஆகோணும் என்றது. உன் தம்பியும் புது வருஷத்துக்குப் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னான். வேன் அனுப்பினார்கள், போனோம். பனி இறங்கி முன்னால் இருப்பவர் முதுகே தெரியவில்லை. பிள்ளைகள் வாசலெல்லாம் கோலப் போட்டி போட்டிருந்தார்கள், ரத்தம் கொடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் கட்டில் போட்டிருந்தது, சேர்வராயன் கோயில் அடிவாரம் வரைக்கும் ஓடிப் போய் ஓடி வந்த பையன்களுக்குக் கப்பு கொடுத்தார்கள், வைஸ் சான்சலர் ஐயா ஒரு மரக்கன்றை நட்டு அதற்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் போட்டோ எடுத்துக்கொண்டார். வெண்ணிலா நன்றாக ஆடியது, அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் இந்த வருஷத்து லட்சியங்கள் என்று பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போட்டு ஞானசுந்தரம் வாசித்தார். புதுப் படிப்பு வரப்போகிறதாம், பிள்ளைக்கு ஒரு மரம் வைக்கப்போகிறார்களாம், நம் ஊரைத் தத்து எடுக்கப்போகிறார்களாம், நாம் என்ன தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் கிடக்கிறோமா. கடைசியில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புது ஹாஸ்டல், அதன் பின்னால் ஒரு நீச்சல் குளம், திரையில் நீலத் தண்ணீரைக் காட்டினதும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் மாதப்பனிடம், இதுக்குத் தண்ணி எங்கிருந்துங்க வரும் என்று கேட்டேன். நாமதான் ஒத்துக்கலையேங்க, படத்துல நீந்திக்கிட்டுக் கெடக்கட்டும் என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் சாமி.

பிறகு ஊர்ப் பெரியவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு தட்டு, அதில் வாழைப்பழம், வெற்றிலை, ஏற்காட்டுக் கடையில் விற்கிற சீவல் பொட்டலம், மேலே யுனிவர்சிட்டி டைரியும் காலண்டரும். மாதப்பன் வாங்கினதில் சீவல் இருந்ததை நான் பார்த்தேன், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வைஸ் சான்சலர் ஐயா எனக்குச் சால்வை போட்டார், அது மூஞ்சியை மறைக்க நான் விலக்கிக்கொண்டிருக்கும்போதே உன் தம்பி என் தட்டைக் கொண்டு வந்து ஐயா கையில் கொடுத்தான், ஐயா என் கையில் வைத்தார், நான் இரண்டு கையும் நீட்டி வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். உடனே உன் தம்பி குனிந்து, டைரி கனமா இருக்கும் நான் வெச்சுக்கறேம்மா என்று காலண்டரோடு சேர்த்து அதை மேலே இருந்து எடுத்தான். அடியில் வெற்றிலை மேல் கொட்டைப்பாக்கு, முழுசு முழுசாக. நான் பார்த்தேன், மாதப்பன் பார்த்தார், கீழே முன்வரிசையில் இருந்த பாவாயியும் வெள்ளையம்மாளும் பார்த்தார்கள். தலைச்சோலை முதல் வீட்டு அம்மா வெற்றிலை வாங்கிக்கொண்டார்கள், ஊற்றுத் தண்ணீருக்கு நன்றி என்று ஞானசுந்தரம் மைக்கில் சொன்னார், வைஸ் சான்சலர் ஐயா ஒன்றும் தெரியாமல் கை தட்டினார். தட்டை அங்கேயே கீழே போட்டிருக்கலாமே என்று நினைப்பாய். வாங்கின வெற்றிலையைக் கீழே போடுகிற வீடு இல்லையே நம் வீடு, என் கைக்கு அது வரவில்லை. அங்கே இருந்த படித்தவர்களில் ஒருவருக்காவது கொட்டைப்பாக்குக்கும் சீவலுக்கும் வித்தியாசம் தெரியுமா. உன் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பாக்கு முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துத் தட்டில் வைத்தவன் உன் தம்பிதான். அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். அவன் வேலையை நிரந்தரம் ஆக்குகிறார்களாம், வெண்ணிலா படித்து முடிக்கிற வரைக்கும் பீஸ் வேண்டாம் என்றார்களாம். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "ஏம்மா, அந்தத் தண்ணி என்ன நம்ம ஊட்டுக் குடத்துக்குள்ளயா இருக்குது. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு அவங்க எடுக்கத்தான் போறாங்க. எம்புள்ளையும் காப்பித் தோட்டத்துல கூடையக் கட்டிக்கிட்டுத் திரியோணுமா." நான் ஒன்றே ஒன்று கேட்டேன், அதுக்கு என் கைதான் கெடச்சுதா என்று. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த வெண்ணிலா இனிமேல் அந்த யுனிவர்சிட்டி வாசலை மிதிக்க மாட்டேன் என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தது. நான்தான் திட்டி அனுப்பினேன். தண்ணீரும் போய்ப் படிப்பும் போனால் அப்புறம் என்னதான் மிச்சம். போகிறது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறது. நீ அதற்கு ஒரு நல்ல வார்த்தை எழுது, அத்தை சொன்னால் கேட்கும்.

ஊர் கூடினது. நவீன் என்று மாதப்பன் பேரன் ஒருவன் இருக்கிறானே, சேலத்தில் வக்கீலுக்குப் படிக்கிறவன், அவன் எழுந்து, ஏமாத்தி வாங்க வெச்சாங்கன்னு ஆயா ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுபடியும் பாதையில போய் உக்காரலாம், வெத்தலை பாக்கெல்லாம் கோர்ட்டுல செல்லாதுங்க என்றான். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வெள்ளையம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோட்டத்து வழியாகப் பாதை கேட்டு ரிசார்ட்டுக்காரர்கள் வந்தபோது, இருட்டில் சீவல் என்று நினைத்து வாங்கிவிட்டேன் என்று அவள் இதே ஊர் முன்னால் அழுதாள், நான்தான் எழுந்து நின்று, தெரிஞ்சு வாங்கினாலும் தெரியாம வாங்கினாலும் வாங்கினது வாங்கினதுதானுங்க என்று சொன்னேன். அவள் காப்பிச் செடி ஒரு வரிசை முழுக்கப் பாதையில் போயிற்று. அன்றைக்குச் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், சரி என்பதால்தான் இன்றைக்கு மாற்றிச் சொல்ல முடியவில்லை. வெள்ளையம்மாள் என்னை ஒரு சொல் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் நாலு சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாங்கினது வாங்கினதுதானுங்க என்று நான் திரும்பவும் சொன்னேன். கூட்டம் கலைந்தது, மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லாமலே போனார்.

பொங்கல் முடிந்ததும் மெஷின் வந்துவிட்டது. ஊற்றுக்குத் தலைமாட்டிலேயே தொட்டி கட்டிக் கறுப்புக் குழாய் போட்டு இழுக்கிறார்கள். முன்பெல்லாம் குடத்தைச் சாய்த்தால் ஒரே முக்கில் நிறையும், இப்போது சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது, அடியில் சேறு வருகிறது. இது தை மாதம், இன்னும் வெயிலே ஆரம்பிக்கவில்லை. நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாவாயி மட்டும் நகரவில்லை, அவள் என்னைப் பார்த்து, "ஏனுங்க மாதம்மா, அந்த டைரிய நல்லாப் புழிஞ்சு பாத்தீங்களா, அதுல எதாச்சும் ஊறுதுங்களா" என்று கேட்டாள். நம் நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போட்ட வீட்டுக்காரி, அவளிடம் நான் ஒருநாளும் தோற்றதில்லை. அன்றைக்குப் பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டேன். கறவை மாட்டை விற்றாயிற்று. அதற்குக் குடிக்க நான் தண்ணீர் எடுத்தால் ஒரு பிள்ளையின் தண்ணீரை எடுத்ததாக எனக்குத் தோன்றுகிறது. சித்திரை வந்தால் இந்த ஊர் எங்கே போய் மொள்ளும் என்று ராப்பகலாக யோசிக்கிறேன், ஒரு வழியும் தெரியவில்லை. நீயும் ஒரு வழி எழுதாதே, இல்லாத வழியை ஆறுதலுக்காக எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

நீ இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்க்காதே, ஆஸ்பத்திரியில் நின்று நின்று உன் கால் வீங்குவதாக வெண்ணிலா சொன்னது, படுக்கும்போது காலுக்குத் தலையணை வை. மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துப் போடு. லீவுக்கு வந்தால் நேராக என்னிடம் வா. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுசும், வயிறு நிறையச் சோறும், மனசு நிறைய நிம்மதியும் கிடைக்கட்டும் என்று சேர்வராயனைக் கும்பிட்டுக்கொள்கிறேன், எனக்காக இனி அவனிடம் எதுவும் கேட்பதாக இல்லை. உன் தம்பிக்காக நீ பரிந்து எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், சின்னதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நீ, எழுதாதே. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் முதல் பிடி மண்ணை அவன் போடக் கூடாது, வெண்ணிலா போடட்டும், பெண்பிள்ளை போடுவதா என்று யாராவது கேட்டால் மாதம்மாள் சொல்லிவிட்டுப் போனாள் என்று சொல். வைஸ் சான்சலர் ஐயாவுக்கு வழக்கம் தெரியாது, விட்டுவிட்டேன். ஞானசுந்தரம் வேறு சனம், ஆபீசில் எழுதிக் கொடுத்ததைப் படித்தார், பஸ் விஷயத்தைத் தவிர மற்றதை விட்டுவிட்டேன். பாவாயிக்குத் தாகம், அவள் பேசத்தான் செய்வாள். இந்த வீட்டில் யாரும் இப்போது அவன் பெயரைச் சொல்வதில்லை, நானும் இந்தக் கடிதத்தில் இதுவரைக்கும் எழுதவில்லை, ஆனால் யாரை என்று நீ பிறகு குழம்பக் கூடாது.

இப்படிக்கு
உன் அம்மா மாதம்மாள்.

நான் மன்னிக்கப் போவதில்லை என்பது ஒருவனைத்தான், நான் பெற்ற சிவக்குமாரை.