இரண்டு தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் சித்திக்கு என் வணக்கம். சித்தி, நடுவில் என்ன வந்தாலும் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அப்பா, நீங்கள் சித்தி வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. படகு கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. விசாரணை முடியும்வரை உங்கள் லைசென்ஸைத் தரமாட்டார்களாம். மெக்கானிக் டீசல் அண்ணன் தினமும் வந்து இன்ஜினைத் துடைத்துவிட்டுப் போகிறார். "உங்கப்பாகிட்ட திட்டு வாங்காம எனக்குச் சோறே இறங்கல" என்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்கிய கணக்கு வாத்தியாருக்கு, மூச்சுவிடத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். கண் திறக்கிறார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. விழுந்ததிலிருந்து தூக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று டாக்டர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

வெளியே அவருடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீதானாம்மா என் பிள்ளைக்கு மூச்சு குடுத்தது? நீ நல்லா இருக்கணும்" என்றார். பிறகு, "அந்தப் படகுக்காரன் கொஞ்சம் திரும்பிப் பாத்திருந்தா..." என்று அழுதார். நான் தலையாட்டினேன். அப்பா, நான் தலையாட்டிவிட்டேன்.

சித்திக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, சறுக்குபவர் விழுந்தால் ஓட்டுபவருக்குக் கத்திச் சொல்வதுதான் என் வேலை. எனக்குக் கத்த வராது. "உங்க பொண்ணு கத்துனா பக்கத்துல இருக்கிற கொசுவுக்கே கேக்காது" என்று டீசல் அண்ணன் சிரிப்பார். நீங்கள்தான், "வாய் எதுக்கு பாப்பா, கை இருக்குல்ல?" என்று நமக்குள் ஒரு ஏற்பாடு செய்தீர்கள். தோளில் ஒரு தட்டு என்றால், விழுந்துவிட்டார், உடனே திருப்பு. இரண்டு தட்டு என்றால், விழுந்தவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டார், அவசரமில்லை, அலை அவர்மேல் மோதாமல் சுற்றி வா.

அன்று சறுக்குப் பலகை அவர் தலையில் அடித்ததை நான் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்தது, ஆனால் முகம் தண்ணீருக்குள் இருந்தது. கை எழவில்லை. ஒரு தட்டு தட்டினேன். நீங்கள் திரும்புவதற்குள் பயத்தில் இன்னொன்று தட்டிவிட்டேன். நீங்கள் நிதானமாக, பெரிய வட்டமாகச் சுற்றினீர்கள். "அப்பா" என்று கூப்பிடக் குரல் வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. டாக்டர் கேட்ட நேரம் அதுதான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் குதித்து, கழுத்து அசையாமல் பிடித்து ஏற்றியது யாருக்கும் நினைவில்லை. கரையில் டீசல் அண்ணன் தண்ணீரை வெளியேற்ற அவர் வயிற்றை அமுக்க வந்தபோது, "தொடாதீங்க!" என்று கத்தினேனாம். பயிற்சியில் சொன்னபடி முதலில் மூச்சு கொடுத்தேன், பிறகு நெஞ்சை அழுத்தினேன். இதற்காகப் படகுத்துறை மேனேஜர் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரப்போகிறாராம்.

விசாரணையில் நீங்கள், "பொண்ணு ஒழுங்காதான் சொல்லுச்சு, நான்தான் கவனிக்கல" என்றீர்கள். அதைத் தாளில் எழுதியது நான். உங்களுக்கு வாசித்துக் காட்டியதும் நான். நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் எழுதியது அது. வெளியே வந்ததும், "உனக்கு இனிமேதான் எல்லாமே இருக்கு, விடு" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். வாத்தியாரின் அம்மாவும் வருவார். நான் உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள் அப்பா. நான் பேசும்போது எழுந்து, "அவ பயந்து உளறுறா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் நம்பிவிடுவார்கள், நானும் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மகள்.