செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்லாதது

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
ஆகஸ்ட் 11

சேசு மரி சூசை துணை

அன்பு மகன் ரொனால்டுக்கு அப்பா எழுதுவது. உனக்கும் மருமகள் அனிஷாவுக்கும் பேரனுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். இந்த இடத்தில் இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, என் அப்பாவும் எனக்கு அப்படித்தான் எழுதுவார், ஆனால் அந்த வார்த்தையைக் கண்டாலே எனக்கு இப்போது ஆகவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். பிரஷர் நூற்று அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை, முழங்கால் வலி இருக்கிறது, ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறேன், போன வாரக் காற்றில் பின்பக்கத்து முருங்கை முறிந்து குளியலறை ஓட்டின் மேல் விழுந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமையாக நீ போனில் அம்மாவின் வருடத் திருப்பலிக்கு வரட்டுமா, டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் பாதியில் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், காகிதத்தை இடைமறிக்க முடியாது. ஒரே மூச்சில் கடைசிவரை படி.

அம்மாவை மூச்சுத்திணறலோடு வெள்ளிக்கிழமை சேர்த்தோம். திங்கட்கிழமை என்னை ஐ.சி.யு. உள்ளே ஐந்து நிமிடம் விட்டார்கள். வாயில் மாஸ்க் இருந்ததால் பேச முடியவில்லை, என் சட்டையைப் பார்த்து விரலை ஆட்டினாள், குனிந்து பார்த்தால் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன். அவள் பார்க்க அங்கேயே நின்று சரியாகப் போட்டுக் காட்டினேன், கண்ணாலேயே சிரித்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை தேய்த்த சட்டை போட்டு, மிளகு தூக்கலாக ரசம் வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு எட்டரை மணிக்கெல்லாம் போய் ஐ.சி.யு. வாசலில் நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே விடவில்லை, டாக்டர் பார்க்கிறார் என்றார்கள். பத்து மணிவாக்கில், ராத்திரி துணைக்கு இருந்த உன் பெரியப்பா மகன் கஸ்பார் உள்ளேயிருந்து வந்து வாளியை வாங்கிக்கொண்டு போனான். அரை மணி கழித்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்து, சித்தி ரெண்டு வாய் குடிச்சாங்க சித்தப்பா, ரச வாசனையிலயே கண்ணத் தொறந்தாங்க, நீங்க வீட்டுக்குப் போயி செத்த நேரம் படுங்க என்றான். ரொனால்டு, அவள் ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டாள். நான் பத்தடி தூரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கஸ்பார் உனக்குப் போன் செய்தான், நீ அங்கிருந்து அப்பாகிட்டச் சொல்லாதே, ஏற்கெனவே அடைப்பு வந்த ஹார்ட், தாங்காது, நான் வந்து சொல்லிக்கிறேன் என்றாய். அப்புறம்தான் அவன் வெளியே வந்து என்னிடம் வாளியை வாங்கினான். நான் என்ன செய்தேன் தெரியுமா, அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டில் கூப்பிட்டு ரசம் குடித்துவிட்டாளாம், நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அவள் செத்துப்போன அன்றுதான் ஐந்து நாளுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை என்னால் எந்தப் பக்கமும் தள்ளி வைக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய், சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாய். பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. என்னடா சத்தம் என்றதற்கு ஆபீசுக்கு வெளிய நிக்கிறேன்ப்பா என்றாய். நீ விமான நிலையத்தில் நின்றிருக்கிறாய். நான் உனக்கு ரசக் கதையைச் சொன்னேன், நீ சரிப்பா சரிப்பா என்று கேட்டுக்கொண்டாய். அதற்கு முன்பே, மத்தியானம், கோவிலில் புதன்கிழமைத் திருப்பலியில் வாசிக்கக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், சகாயராணி டீச்சர் பூரண சுகம் பெற வேண்டி என்று. புதன்கிழமைக் காலை முன்வரிசையில் உட்கார்ந்து என் சீட்டை எப்போது வாசிப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பங்குச்சாமியார் எல்லாக் கருத்தையும் வாசித்தார், என்னுடையதை மட்டும் விட்டுவிட்டார். பூசை முடிந்ததும் கோபத்தோடு உள்ளே போய், சாமி என் சீட்டு எங்கே விழுந்தது என்று கேட்டேன். அந்த மனுஷர் திருவுடையைக் கழற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார், மறந்துட்டேன் ஐயா என்றார். பீடத்தில் நின்று பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கீழே இறங்கியதும் வந்துவிட்டது. பாடகர் குழுவில் இஞ்ஞாசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரே சேர்ந்து அழுதுகொண்டிருந்த கோவிலில் நான் ஒருத்தன் அவளுக்குச் சுகம் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் இன்னைக்கு யாரையும் உள்ள விடமாட்டாங்க என்று கஸ்பார் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். வியாழக்கிழமைக் காலை அப்துல் சுக்கூர் ஆட்டோவில் மறுபடி தூக்குவாளியோடு கிளம்பினேன். மனுஷர் வாய் ஓயாமல் பேசுகிறவர், முதல் நாளிலிருந்தே பேச்சில்லை. நாகல்நகர் திருப்பத்தில் சுவர் முழுக்க வரிசையாகப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, பச்சைச் சேலையில் அம்மா. அவளிடம் படித்த பிள்ளைகள் முதல் நாள் இருட்டியபின் ஒட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சுக்கூர் வண்டியை வெடுக்கென்று திருப்பப் பார்த்தார், அதற்குள் நான் படித்துவிட்டேன். மறைவு என்று போட்டு 10ஆம் தேதி என்று இருந்தது. முதலில் தேதி தப்பு என்றுதான் தோன்றியது, பத்தாம் தேதிதானே ரசம் குடித்தாள். அப்புறம் படத்தைப் பார்த்தேன். அந்தப் படம் என்னிடம் கிடையாது, கஸ்பாரிடமும் கிடையாது. நாம் கொடைக்கானல் போய்விட்டு இறங்கியபோது கொடைரோடு ஸ்டேஷனில் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து உன் போனில் நீ எடுத்தது, அனுப்புறேன்ப்பா என்றாய், அனுப்பவில்லை. நான் அதை முதன்முதலாக நாகல்நகர் சுவரில் பார்த்தேன். என்னை வெட்டி எடுத்துவிட்டு, அவள் தோளுக்குப் பக்கத்தில் என் சட்டைக் கை மட்டும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, உனக்குத் தெரியும் என்று. அவள் செத்ததை விட அந்த நேரம் அதுதான் முதலில் உறைத்தது. மத்தியானம் நீ வந்து இறங்கி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய், நான் மரம் மாதிரி நின்றேன், ராயப்பராஜுக்கு அம்புட்டுத் தைரியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை ஒன்றும் இல்லை, என் பிள்ளை என்னை ஏமாற்றிவிட்டான் என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் முப்பத்து மூன்று வருடம் மின்வாரியத்தில் இருந்தவன். கம்பத்தில் ஏறுவதற்கு முன் சப்ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்குவோம். எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் லைன் ஆஃப் என்று சொல்வார், அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் கம்பியில் கை வைப்பேன். கன்னிவாடிப் பக்கம் இடி மழையில்கூட அப்படித்தான் வேலை பார்த்தேன், ஒருநாளும் கை நடுங்கியதில்லை. இப்போது பால்காரர் பால் தீர்ந்துவிட்டது என்றால் கேனைத் திறந்து காட்டச் சொல்கிறேன். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படிக்கிறேன். போன மாதம் பேரன் கீழே விழுந்து கை வீங்கிவிட்டது, சின்ன அடிதான் என்றாய் பார், மூன்று நாள் நான் படுக்கவே இல்லை. கஸ்பார் வாசலுக்கு வந்தால் அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிறேன். நீ ஒரு ஞாயிறு கூப்பிடப் பத்து நிமிடம் தாமதமானால், அங்கே என்னவோ ஆகிவிட்டது, ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று தெருவில் இறங்கிப் போஸ்டர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். சிரிக்காதே. அந்த ரெண்டு நாளைக்கு என் ஹார்ட்டைக் காப்பாற்றினீர்கள், அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது இது. இந்தப் பதினோரு மாதத்தில் மன்னிப்புக் கேட்டவர் சுக்கூர் ஒருத்தர்தான், என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்கண்ணே, தப்புப் பண்ணிட்டேன் என்று வாசலில் நின்று அழுதார். மற்றவர்கள் எல்லாரும் உங்க நல்லதுக்குத்தானே என்றார்கள். நீயும் அதையேதான் சொன்னாய்.

நீ ஏற்பாடு செய்த கவுன்சிலிங்குக்கு மாட்டேன் என்றவன் போன மாதத்திலிருந்து போகிறேன், உன்னிடம் சொல்லவில்லை. கீர்த்தனா என்று காந்திகிராமத்தில் படித்த பெண். மனைவி போனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று அளப்பாள் என்று நினைத்துப் போனேன், அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை, நான் என்ன மனுஷன் என்று கேட்டேன். நீங்க அம்மா இறந்த இடத்துக்கே இன்னும் வந்து சேரல அங்கிள், அந்த ரெண்டு நாள்லயே நின்னுட்டு இருக்கீங்க, அத முழுசாப் பேசி முடிக்காம அழுக எப்படி வரும் என்றாள். எனக்கு அது சரியாகப் பட்டது. இரண்டு நாளையும் மணிவாரியாகச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். மூன்றாவது தடவை போனபோது, இப்படிச் சாவ மறைக்கிறது உங்க வீட்ல பழக்கமா, இதுக்கு முன்னால யாருக்காவது நடந்திருக்கா என்று சாதாரணமாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் உன் மாமா நினைவுக்கு வந்தார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பத்தாவது படித்தாய். உன் மாமா லாரி மோதிக் கோயம்புத்தூரில் இறந்துபோன செய்தி மத்தியானம் எனக்கு ஆபீசுக்கு வந்தது. உடல் மறுநாள் காலைதான் வரும் என்றார்கள். அம்மாவுக்குப் பிரஷர், இப்போதே சொன்னால் என்ன ஆகுமோ என்று நான் வீட்டுக்கு வந்து முதலில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டு, ஏலே, போன் வயரப் புடுங்கி வையி, யாராச்சும் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பு, அம்மா மொகத்துக்கு முன்னால அழக் கூடாது என்று சொன்னவன் நான்தான். நீ போய் வயரைப் பிடுங்கினாய். அவள் அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் அண்ணனுக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. உன்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள், நீ தின்றாய். மறுநாள் விடிந்து சொன்னோம். அடக்கம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் என்னிடம் ஒன்று சொன்னாள், எங்கண்ணன் செத்ததக்கூடத் தாங்கிட்டேன், அன்னைக்குப் பூரா நான் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேனே, அதத்தான் தாங்க முடியல, நீங்களும் எம்புள்ளையும் அதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க என்றாள். இதுக்குப் போய் இம்புட்டா என்று நினைத்தேன். உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று பதில் சொன்னேன், ரொனால்டு. இதே வார்த்தை. அவள் அதற்கப்புறம் சாகும்வரை அதிரசம் சுடவே இல்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது நான் ரசம் வைப்பதில்லை.

கீர்த்தனா அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்தபோது, நீ வயரைப் பிடுங்கிய அந்தப் பழைய போன் பெட்டி இன்னும் சுவரில் இருந்தது, நாலு தடவை சுண்ணாம்பு அடித்து மூடிப்போய். அதன் முன்னால் உட்கார்ந்துதான் முதல் தடவையாக அழுதேன், சகாயராணிக்காக அழுதேன். அவளுக்குச் செய்ததற்கும் சேர்த்து அழுதேன். எதிர்வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். அதனால் உன்மேல் கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதே, தீரவில்லை. நீ செய்தது துரோகம், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. ஆனால் அதைப் பதினைந்து வயதில் உன் கையில் கொடுத்துப் பழக்கியவன் நான் என்பதும் சேர்ந்தே உண்மை. இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. அம்மா செத்ததை மனசில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்று நீ என் ரசக் கதையைக் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்க வேண்டும், அப்பு. அந்த அழுகையை எனக்கும் தராமல், நீயும் அழாமல், இரண்டு நாள் ஆகாயத்தில் தனியாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாய்.

டிக்கெட் போடு. ஆனால் வருவதற்கு முன் உன் கையால் எனக்கு எழுது, அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்கு எத்தனை மணிக்குப் போன் வந்தது, கஸ்பார் என்ன சொன்னான், அவள் கடைசியில் என்னைக் கேட்டாளா, நீ எங்கே உட்கார்ந்து அழுதாய், எல்லாம். எனக்கு நோகும் என்று எதையும் குறைக்காதே. நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நேற்று டாக்டர் பார்த்துவிட்டு இன்னொரு அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, செப்டம்பர் கடைசியில் ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றார். எனக்கு நேற்றுத் தெரிந்தது, இன்று உனக்கு எழுதிவிட்டேன். கஸ்பார், சுக்கூர், சாமியார் மூன்று பேரிடமும் உன் நம்பரை எழுதி ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். எனக்கு எது நடந்தாலும் அந்த நிமிடமே முதலில் என் மகனுக்குச் சொல்ல வேண்டும், அவன் வேலையில் இருந்தாலும் சரி, தாங்குவானா மாட்டானா என்று யாரும் யோசிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு நான் விட்டுப்போகிற சொத்து என்று இதையே வைத்துக்கொள்.

பேரனுக்கு முத்தம். அங்கே இப்போது குளிர்காலமாமே, மருமகளை வெளியே அலைய விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறேன், ஆண்டவர் காவலும் உன் அம்மாவின் ஆசீரும் உங்கள் மூவரோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராயப்பராஜ்

மறக்காமல் ஒன்று: வரும்போது கொடைரோடு ஸ்டேஷனில் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டு வா. வெட்டாமல் கொண்டு வா.