கால் மணி முந்தி ஓடிய கேமரா

பாகூர்
தை 24

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை தமிழ்க்குமரனும் குழந்தை வெண்ணிலாவும் அந்தக் கனடாப் பனியில் சளி இருமல் அண்டாமல் இருக்க அம்மன் துணையிருக்கட்டும். போனில் பேசுகிற அப்பா இதென்ன திடீரென்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே என் குரல் உடைந்துவிடும், நீயும் நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இது பிரஷர் இல்லை, பயம்.

நம் உரக்கடைக்குக் கேமரா போட்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் கேள். ஐப்பசியில் கழனி மோட்டாரின் செப்பு வயரை எவனோ இரண்டாம் முறையும் அறுத்துக்கொண்டு போனதும், கடைக்கும் வீட்டுக்குமாவது கேமரா போடுப்பா என்று நீதான் ஆரம்பித்தாய். ரெக்கார்டர் பெட்டி என்று தனியாகவே விற்கிறது, வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்றாய். நீ காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் துணி போர்த்திச் சும்மா கிடக்க, பெட்டி எதற்கு என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரி, அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று நீயே அங்கிருந்தபடி கம்ப்யூட்டருக்குள் வந்து கேமரா சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தாய். தவளக்குப்பத்துக் கடையிலிருந்து யாமினி என்ற பெண் வந்து ஏணியில் ஏறி நாலு கேமராவையும் மாட்டி, வயர் இழுத்து, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, முப்பது நாள் பதிவு நிற்கும், அப்புறம் பழசின் மேல் புதுசு ஏறும் என்று விளக்கினாள். கெட்டிக்காரப் பெண். போகும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். ரோட்டைப் பார்க்கிற கேமராவை மேற்கே திருப்பாதீங்கய்யா, சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிச்சா ஒண்ணும் தெரியாது என்றாள். கம்ப்யூட்டர்ல டைம நெட்டே சரி பண்ணிக்கும், நீங்க கை வைக்காதீங்க என்றாள். ஊருக்கே யோசனை சொல்லிப் பழகிய வாய்க்கு இன்னொருத்தர் யோசனை எங்கே இறங்கும். எங்கள் வாசல் தெரிகிறது என்று எதிர்வீட்டார் முணுமுணுத்ததும் நானே ஏணி போட்டுக் கேமராவை மேற்கே திருப்பினேன். நேரத்திலும் கை வைத்தேன்.

நம் வீட்டுக் கடிகாரங்கள் கால் மணி முந்தி ஓடுவது உனக்குத் தெரியாததா. நீ ஸ்கூல் வண்டியைத் தவறவிடக் கூடாது என்று உன் அம்மா ஆரம்பித்த பழக்கம், நீ கடல் தாண்டிப் போன பிறகும் அப்படியே நிற்கிறது. கூடத்துக் கடிகாரம், கடைக் கடிகாரம், என் கைக்கடிகாரம் எல்லாமே அப்படித்தான். நாமும் முள்ளைப் பார்த்து, மனசுக்குள் கால் மணியைக் கழித்துவிட்டுத்தான் வாயால் நேரம் சொல்வோம். தலைக்கு மேல் கடிகாரம் ஒன்றைக் காட்ட, எதிரே கம்ப்யூட்டர் வேறொன்றைக் காட்டினால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குழப்பம்தானே. அதனால் தானாகச் சரிசெய்துகொள்ளும் டிக்கை எடுத்துவிட்டு அதையும் கால் மணி முன்னே தள்ளி வைத்தேன். நீ ஒரு நாள் கேமராவில் பார்த்துவிட்டு, ஏம்பா டைம் தப்பா காட்டுது என்று கேட்டாய். இது நம்ம வூட்டு டைம்டி என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

தை பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் உன் மாமா அரிகரன் கரும்புக்கு உரம் ஏற்றிக்கொண்டு போகத் தன் வெள்ளைக் குட்டியானை வண்டியில் வந்தான். உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தன் செல்போனைப் பார்த்து, அஞ்சு இருபது தாண்டிடுச்சு மாமா, நான் கெளம்புறேன் என்று புறப்பட்டான். அதற்குக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடைக்கு மேற்கே மதகுப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். நம் கழனிக்குக் களையெடுக்க வருவாளே அமிர்தம், புல்லுக்கட்டோடு ரோட்டோரமாகப் போனவளை ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் போட்டுப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்குப் பதினோரு நாள், அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

மறுநாள் போலீஸ் வந்து கேமராவைக் கேட்டது. போட்டுக் காட்டினேன். வெயில் கண்ணாடியில் அடித்துத் திரை முழுக்க வெளுத்துக் கிடந்தது, அந்த வெளுப்புக்குள் சின்னதாய் ஒரு வெள்ளை வண்டி போகிறது, அது போன பிறகு ரோட்டில் புல் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நம்பர் தெரியவில்லை. மூலையில் நேரம் மட்டும் பளிச்சென்று ஐந்து நாற்பது. அந்தத் துண்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டார்கள். இது என் கம்ப்யூட்டர், ஒழுங்காக ஓடுகிறது, இதில் காட்டும் நேரம் சரி என்று எழுதியிருந்த ஒரு தாளை நீட்டினார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் பிரியா. ஊரில் உங்கள் ஒருவரிடம்தான் உருப்படியாகக் கேமரா இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பெருமையில் என் புத்தி மழுங்கிப்போயிருந்தது. உன் அம்மாவும் பக்கத்தில் நின்று, நல்லவேள, தம்பி கால் மணி முன்னாலயே கெளம்பிட்டான், இல்லாட்டி இந்தக் கண்ராவிய அவன் கண்ணால பாத்திருப்பான் என்றாள்.

மூன்றாம் நாள் இன்னாசிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யூரியா மூட்டை ஏற்றி வந்து நம் கடையில் இறக்குவானே, அவன்தான். அவனுடையதும் வெள்ளைக் குட்டியானை, இடது பக்கம் பழைய நசுங்கல் வேறு. தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு டயர் கடைக் கேமராவில் அவன் வண்டி ஐந்து ஐம்பத்தைந்துக்குப் போகிறது. மதகிலிருந்து அங்கே போய்ச் சேரக் கால் மணி ஆகும், கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. நான் கரியமாணிக்கத்திலிருந்து வேறு வழியாக வந்தேன், அந்த ரோட்டுக்கே வரவில்லை என்று அவன் கதறினானாம். கேமரா பொய் சொல்லுமா என்று ஊரே சொன்னது. நானும் கல்லாவில் உட்கார்ந்து நாலு பேரிடம் அதையே சொன்னேன். போன வாரம் அவன் பெண்சாதி செல்வகுமாரி கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. அண்ணே, அந்தப் படத்துல எங்க வூட்டுக்காரரு வண்டிதான்னு நீங்க பாத்தீங்களா என்று மட்டும் கேட்டாள். நம்பர் தெரியலம்மா, டைம் ஒத்துப்போவுது என்றேன். சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அது அறுத்துக்கொண்டே இருந்ததால் முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். உன் அம்மா தட்டைக் கழுவிவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஐந்து நாற்பது. அவள் வழக்கம்போல, அப்ப அஞ்சு இருபத்தஞ்சுக்கு நடந்திருக்கு என்று சொன்னாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். தினமும் கழிக்கிற கால் மணியைப் போலீஸ் முன்னால் கழிக்க எனக்குத் தோன்றவே இல்லை. டயர் கடைக் கேமராவில் நேரம் சரி, நம்முடையதில்தான் தப்பு. அப்படியானால் அடித்த வண்டி ஜங்ஷனைத் தாண்டியது ஐந்து நாற்பதுக்கு, இன்னாசிமுத்து போனது அதற்கும் கால் மணி கழித்து. இவ்வளவும் புரிந்த பிறகுதான் அரிகரன் ஞாபகம் வந்தது. வீட்டு வாசல் கேமராவைப் போட்டேன். போலீஸ் அதைக் கேட்கவே இல்லை. அதில் ஐந்து முப்பத்தொன்பதுக்கு அவன் வண்டி நம் வாசலைவிட்டு மதகுப் பக்கம் திரும்புகிறது, நம்பர் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் வேறு வண்டியே ரோட்டில் இல்லை. உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அதிலிருந்து எனக்குப் பயம் பயம் என்று இருக்கிறது பிரியா. கடை முன்னால் ஒரு மோட்டார்பைக் நின்றால் போலீஸோ என்று எழுந்து உள்ளே போய்விடுகிறேன். நெல் விதை கேட்டவருக்கு எள்ளை எடுத்துக் கொடுத்தேன். பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று என்னையே உள்ளே வைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். மச்சானைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொந்தம் முழுக்க நம் வாசலை மிதிக்காதோ என்று ஒரு பயம். அமிர்தத்துக்கு ஒன்று ஆகிவிட்டால் இது கொலை வழக்குக்குச் சமானமாகிவிடுமே என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். ஒளித்துச் சொல்ல மாட்டேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இன்னும் மூன்று வாரம் சும்மா இருந்தால் பழசின் மேல் புதுசு ஏறித் தானாகவே எல்லாம் போய்விடும். டயர் கடையில் பதினைந்து நாள்தான் நிற்குமாம், அதற்கு இன்னும் நாலே நாள். அந்த நாலு நாளை நான் விரல்விட்டு எண்ணினேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

நேற்று காலை உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டாள். முதலில் இல்லவே இல்லை என்றானாம். பிறகு, அக்கா, இன்னாமோ தட்டுன மாதிரி இருந்துச்சு, ஆடுன்னு நெனச்சுட்டேன், மறுநாளுதான் தெரிஞ்சுது என்று அழுதானாம். மாமாவ அத அழிச்சுடச் சொல்லுக்கா என்றதும் இவள் போனை வைத்துவிட்டாள். உடனே எனக்குப் போட்டான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மாமா என்றான். இன்னாசிமுத்துவுக்கும் இருக்குடா என்றேன். உங்களுக்கு அழிக்கத் தெரியலன்னா உடுங்க, நான் பிரியாகிட்டப் பேசிக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அதனால்தான் இந்தக் கடிதம். இதை எழுதி முடித்ததும் நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். நேரத்தை முன்னே தள்ளிவைத்தது நான்தான் என்று சொல்லி, அவர்களையே இங்கே அழைத்து வந்து கம்ப்யூட்டரைக் காட்டப் போகிறேன். இப்போது நேரத்தைத் திருத்தினாலோ எதையாவது பிரதி எடுத்தாலோ நான்தான் புகுந்து மாற்றினேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒன்றையும் தொடவில்லை. எல்லாம் அந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, போலீஸ் எடுத்த துண்டைத் தவிர வேறெங்கும் இல்லை. நேரம் தப்பு என்று நான் மட்டும் சொன்னால் நம்பாமல் போகலாம், உனக்கும் தெரிந்ததுதானே நம் வீட்டு நேரம், யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்.

என்ன ஆனாலும் நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீயும் வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகத்தில் வை. அரிகரன் உனக்குப் போன் செய்வான், ஒருவேளை இந்நேரம் செய்துகொண்டிருப்பான். எடுக்காமல் இருந்துவிடாதே, உன்னை மடியில் வைத்துக் காது குத்தியவன். அவன் அழுவான், நீயும் அழு. உன்னால் அங்கிருந்தபடியே கம்ப்யூட்டருக்குள் வந்து பதிவை அழிக்க முடியும் என்பது எனக்குத் தெரியும், நாங்கள் ஸ்டேஷன் போய்த் திரும்புவதற்குள் முடியும். அதனால் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று இப்போதுதான் கையை வைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்ற உன் அம்மா, அத இன்னாத்துக்குப் புடுங்குறீங்க, அவ நம்ம பொண்ணு, உடுங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். வயரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா
உலகநாதன்